இரண்டு விரல் இடம்

கணவர் பெயரை வாயால் சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையுமாம். ஆனால் பெயரே இல்லாமல் கதை சொன்னால் யார் யாரென்று குழம்பிவிடும் என்பதால் ஒரே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்: மாயாண்டி. ஆயிற்று. இனிமேல் அவர் எங்கள் ஆள். என் பெயர் வீரம்மா. அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம், யாருக்கும் ஒன்றும் ஆகாது.

கினிகத்தேனைக் கடைத்தெருவைத் தாண்டி மேலே ஏறினால் பெரியசோலைத் தோட்டம். அங்கே கீழ்ப்பிரிவில், தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிய நீள வரிசை வீடான லயத்தில், ஐந்தாவது காம்பரா எங்களுடையது. காம்பரா என்றால் ஓர் அறை, அதற்கு முன்னால் அடுப்பு வைக்க ஒரு துண்டு இடம், அவ்வளவுதான். நான் கொழுந்து பறித்தேன். எங்கள் ஆள் தேயிலைக்கு உரம் போடும் கூட்டத்தில் இருந்தார்.

அவருக்கு இரண்டு பழக்கம். ஒன்று, எதற்கெடுத்தாலும் திருநீறு. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டினால் அதற்கு ஒரு கீற்று. பசு கன்று போட்டால் தாய்க்கும் கன்றுக்கும். தோட்டத்தை விட்டு யார் வெளியே போனாலும், கண்டிக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, பாதையில் நிறுத்தி நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகையை வாயிலும் போட்டுத்தான் அனுப்புவார். எங்கள் லயத்தில் எல்லோரும் செய்கிற காரியம்தான் இது. மற்றவர்கள் ஞாபகம் வந்தால் செய்வார்கள், இவருக்கு மறக்கவே மறக்காது. எங்கள் பசுவின் சாணத்தை உருட்டிக் காயவைத்து, உமியில் மூடிச் சுட்டு, துணியில் சலித்து, டப்பாவில் போட்டு வைப்பது என் வேலை. மாதத்துக்கு ஒரு டப்பா போகும். உப்புகூட எங்கள் வீட்டில் அவ்வளவு செலவானதில்லை.

இரண்டாவது பழக்கம், யார் எதைச் சொன்னாலும் நம்புவது. கல்யாணமான புதிதில், வட்டவளை ஸ்டேஷனில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்காவிட்டால் ரயில் நிற்காது என்று விளையாட்டாகச் சொல்லி வைத்தேன். ஒருநாள் பூண்டுலோயாவில் ஒரு சாவுக்குப் போகக் கிளம்பினோம். ரயில் புகை தெரிந்ததுமே மனுஷர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் அறையிலிருந்து வெளியே வந்து பார்த்தார். நான் சிரித்ததில் மூட்டையைக் கீழே போட்டுவிட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. ரயில் நின்றுவிட்டதே, பிறகு என்ன என்று கேட்டார். இப்படி ஒரு ஆள் வீட்டில் இருந்தால் கிண்டல் செய்யாமல் எப்படி இருப்பது? எனக்கு நாளைக்குப் பத்துக் கிண்டலாவது வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஐம்பத்தொன்பதாம் வருடம் தைப்பொங்கல் முடிந்த வாரம் ஒரு ஜீப் வந்தது. கொழும்பில் ஆற்றுத் தண்ணீரை ஆராயும் ஒரு கந்தோரிலிருந்து, அதாவது ஆபீஸிலிருந்து, சிதம்பரநாதன் என்ற ஐயா இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வயதிருக்கும். கால்சட்டை மடிப்புக் கலையாமல் எங்கள் லயத்துச் சேற்றில் நடக்கப் பார்த்தார். மூன்றாவது அடியில் அந்த ஆசையை விட்டுவிட்டார். அவர் பேசியதும் தமிழ்தான், நாங்கள் பேசியதும் தமிழ்தான். இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரு நொடி பொறுத்துத்தான் தலையாட்டினோம்.

எங்கள் தோட்டத்து ஓடை கீழே போய் ஆற்றில் சேர்கிறது. அந்த ஆறு களனி கங்கையில் விழுந்து, கொழும்பில் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. மலையிலிருந்து கடல் வரை ஏழு இடங்களில் வாராவாரம் தண்ணீர் பிடித்து, அதில் பொஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது, எந்த வடிவில் இருக்கிறது என்று பார்க்கப் போகிறார்களாம். ஏழில் முதல் இடம் எங்கள் ஓடை. மேலே ஊரில்லை, கடையில்லை, அதனால் இந்தத் தண்ணீர்தான் ஆகச் சுத்தமாக இருக்கும், மற்ற ஆறு இடத்தையும் இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். எங்கள் தண்ணீரைப் பற்றி ஒருவர் அத்தனை மரியாதையாகப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

அதென்ன பொஸ்பரஸ் என்று அடுத்த காம்பராக் காளியாயி கேட்டாள். ஐயா பொறுமையாகத்தான் சொன்னார். உரத்தில் இருக்கும், எலும்பில் இருக்கும், உயிருள்ள எல்லாவற்றிலும் இருக்கும். தண்ணீரில் அது மூன்று விதமாக வரும். கரைந்துபோய்க் கண்ணுக்கே தெரியாமல் வருவது ஒன்று. மண் துகளோடு ஒட்டிக்கொண்டு வருவது ஒன்று. பாசியிலும் பூச்சியிலும் மக்கிய இலையிலும் இருந்து வருவது இன்னொன்று. காமன் கூத்தில் ஒரே ஆள் மூன்று வேஷம் கட்டுகிற மாதிரி என்று நான் பிடித்துக்கொண்டேன். கடலோரத்தில் உப்புத் தண்ணீர் பட்டதும், மண்ணோடு வந்ததில் கொஞ்சம் மண்ணை விட்டுவிட்டுக் கரைந்துகொள்ளுமாம். கொழும்பில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்து நம்மைத் தெரியாத மாதிரிப் போகிற ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் அதுவும் விளங்கிவிட்டது.

வாராவாரம் தண்ணீர் பிடிக்க நம்பிக்கையான ஆள் ஒருவர் வேண்டும் என்றார். மலையில் எங்கள் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு செல்லசாமி எங்கள் ஆளைத்தான் காட்டினார். குடிக்க மாட்டான், சொன்னதைச் சொன்னபடி செய்வான் என்றார். அந்தக் கடைசி வார்த்தை எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் போகிறது என்று கண்டாக்குக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஐயா ஒரு பலகைப் பெட்டியும், அதில் வைக்கோலுக்கு நடுவே கண்ணாடிப் போத்தல்களும் கொடுத்தார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஓடையில் இறங்க வேண்டும். தண்ணீர் வருகிற திசையைப் பார்த்து நிற்க வேண்டும். போத்தலை அந்தத் தண்ணீரிலேயே மூன்று தடவை அலச வேண்டும். முழங்கை நனையும் ஆழத்தில் பிடிக்க வேண்டும். சவர்க்காரம், எண்ணெய், சுண்ணாம்பு எதுவும் கையில் இருக்கக் கூடாது. போத்தலை நிரப்பாமல் கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டு மூடிவிட வேண்டும். கொழும்புக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிப் போகும் லொறியில் அன்றைக்கே அனுப்ப வேண்டும். எங்கள் ஆள் ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கி மடக்கிக் கேட்டுக்கொண்டார்.

முதல் வியாழக்கிழமை சாயங்காலம் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் சோற்றுப் பானையைக் கிளறிக்கொண்டிருந்தேன். எல்லாம் விளங்கிவிட்டது, அந்த இரண்டு விரல் இடம் எதற்கென்றுதான் விளங்கவில்லை, ஐயாவிடம் கேட்க மறந்துவிட்டேன் என்று கவலைப்பட்டார். நான் விடுவேனா?

"இதுகூடத் தெரியலையாக்கும். தோட்டத்த விட்டுக் கொழும்பு வரைக்கும் போற தண்ணி. திருநீறு போட்டு அனுப்பத்தான் அந்த ரெண்டு வெரலு எடம்."

அவர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போத்தலுக்கு நெத்தி எங்க இருக்கு?"

"நெத்தி இல்லாட்டி என்னா? வாய் இருக்குல்ல."

அவர் சரியென்று தலையாட்டினார். சோறு பொங்கி வழிந்தது, நான் அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். அன்றைக்குச் சொன்ன பத்தில் அது ஒன்று. அடுத்த நாள் எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை.

பன்னிரண்டு வெள்ளிக்கிழமை அவர் தண்ணீர் பிடித்தார். விடிய முந்திக் குளித்து, தோய்த்த வேட்டி கட்டி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடைக்குப் போவார். நான் அந்த நேரம் பெரட்டுக்கு ஓடிவிடுவேன். காலையில் எல்லோரும் வரிசையில் நின்று பெயர் கொடுத்து வேலை வாங்குகிற இடம் அது. பிந்தினால் அரைப் பெயர், அரைநாள் கூலிதான். போத்தலை லொறியில் ஏற்றிவிட்டு அவர் மலைக்கு வரும்போது முகத்தில் ஒரு பெருமை இருக்கும். சாமி தூக்கிவிட்டு வந்தீர்களா என்று கேட்பேன். இல்லை, தண்ணீர்தான் என்பார்.

சித்திரை பிறந்த மறு வாரம் கொழும்பிலிருந்து தோட்டத்துத் துரைக்குக் கடிதம் வந்தது. எங்கள் ஓடையில் இருக்கிற பொஸ்பரஸ் முகத்துவாரத்தில் இருப்பதைவிடப் பத்து மடங்காம். கொழும்பு நகரத்து அழுக்கெல்லாம் இறங்குகிற இடத்தைவிட எங்கள் ஓடை மோசமென்று எழுதியிருந்தார்கள். காரணம் என்னவென்று துரையிடம் கேட்டிருந்தார்கள். விசாரிக்க அந்த வார வெள்ளிக்கிழமை சிதம்பரநாதன் ஐயாவே வருவதாகவும் இருந்தது.

வெள்ளைக்காரத் துரைக்கு உரம் என்றால் உயிர். கப்பலில் வருகிற சாமான் அது. ஒரு ஆளுக்கு ஒருநாளைக்கு இத்தனை மூட்டை என்று கணக்கு. வேலையைச் சுருக்கி முடிக்க யாரோ மூட்டையை ஓடையில் கொட்டுகிறான் என்று அவர் ஒரே நொடியில் முடிவு கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் ஓடைக்குப் போகிறவன் யார்? உரக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் வேலையை முடிக்கிறவன் யார்? கண்டாக்கு இரண்டு கேள்விக்கும் ஒரே பெயரைச் சொன்னார். எங்கள் ஆள் வெற்றிலைக்கு நிற்காமல், கதை பேசாமல் வேலை செய்வதால்தான் முந்தி முடிக்கிறார் என்பது கண்டாக்குக்கும் தெரியும். ஆனால் துரை முகம் சிவந்து நிற்கிறபோது ஒரு பெயர் கையில் கிடைத்தால் யார்தான் கொடுக்காமல் இருப்பார்கள்?

மறுநாள் பெரட்டில் எல்லோருக்கும் முன்னால் எங்கள் ஆளைக் கூப்பிட்டார்கள். தண்ணீரில் என்ன போட்டாய் என்று துரை கேட்டார். கண்டாக்கு அதையே நம் தமிழில் திருப்பிக் கேட்டார். எங்கள் ஆள் வாயைத் திறந்தார். பெண்கள் வரிசையில் நின்ற என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தார். மூன்று தடவை கேட்டும் பதில் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கொழுந்துக் கூடையால் அவர் முதுகில் ஒன்று போடலாம் போலிருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

துரை வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்தார். அதற்குள் உண்மையைச் சொல்லாவிட்டால் செக்ரோலில், தோட்டத்து ஆட்களின் பெயர்ப் புத்தகத்தில், பெயரை வெட்டிவிடுவார்.

பெயர் வெட்டுவது என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். செக்ரோலில் பெயர் இல்லாத ஆள் தோட்டத்து எல்லைக்குள் தங்கக் கூடாது. அதே காம்பராவில் இன்னொருவர் பெயர் செக்ரோலில் இருந்தால் காம்பரா மட்டும் மிஞ்சும். அதாவது நானும் இரண்டு பிள்ளைகளும் இருக்கலாம், அவர் போய்விட வேண்டும். எங்கே போவார்? திருடன் என்று எழுதிய சீட்டோடு போனால் எந்தத் தோட்டத்திலும் எடுக்க மாட்டார்கள். எங்களுக்கு இந்த நாடும் இல்லை, அந்த நாடும் இல்லை என்று சட்டம் வந்து அப்போதே பத்து வருடமாகிவிட்டது. செக்ரோலில் இருக்கிற அந்த ஒரு வரிதான் எங்களுக்கு ஊர், பேர், எல்லாம்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். உரத்தைக் கொட்டினீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியானால் அங்கே ஏன் வாய் மூடி நின்றீர்கள் என்று கேட்டேன். பசுவுக்குப் புல் போட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். அந்த நாலு நாளும் நான் பேசியதை எழுதினால் செக்ரோல் புத்தகம் நிறைந்துவிடும். மனுஷர் எல்லாவற்றுக்கும் ம் என்றார். நான் கத்தியதெல்லாம் பயத்தில்தான்.

இதற்கு நடுவே காளியாயி வந்து, அண்ணன் போய்விட்டால் பசுவை யார் பார்ப்பது, வேண்டுமானால் நான் பார்த்துக்கொள்கிறேன், பாலைப் பாதிப் பாதியாக வைத்துக்கொள்வோம் என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். இருந்தாலும் அவளை வாசலோடு திருப்பி அனுப்பினேன். பசு அவளைப் பார்த்துத் தலையாட்டியது எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சிதம்பரநாதன் ஐயா வந்தார். பெரட்டுக் களத்தில் மேசை போட்டு, கண்ணாடிக் குவளைகளும் இரண்டு மருந்துக் குப்பிகளும் வடிகட்டும் காகிதமும் எடுத்து வைத்தார். துரை நாற்காலியில் உட்கார்ந்தார். கண்டாக்கு அவருக்குப் பக்கத்தில் நின்றார். எங்கள் ஆளை மேசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். அன்றைக்குக் கொழுந்து யாருக்கும் ஞாபகமில்லை, இரண்டு பிரிவு ஆட்களும் சுற்றி நின்றோம்.

முதலில் ஐயாவே ஓடையில் இறங்கித் தண்ணீர் பிடித்து வந்தார். குவளையில் ஊற்றி இரண்டு மருந்தையும் விட்டார். பொஸ்பரஸ் இருந்தால் நீலமாகும், நிறையிருந்தால் நிறைய நீலமாகும் என்றார். தண்ணீர் அப்படியே நின்றது. உற்றுப் பார்த்தால்தான் நீலம் தெரிந்தது. நான் மாரியம்மனைக் கும்பிட்டேன். கண்டாக்கு அதற்குள், இன்றைக்கு எல்லோரும் பார்க்கிறார்கள், இன்றைக்கு எவன் கொட்டுவான் என்று துரையிடம் சொல்லிவிட்டார். துரையும் தலையாட்டினார். கும்பிட்ட கையை நான் இறக்கிக்கொண்டேன்.

அடுத்து, போன வெள்ளிக்கிழமை எங்கள் ஆள் அனுப்பிய போத்தலை எடுத்து அதிலிருந்து கொஞ்சம் ஊற்றி மருந்து விட்டார். கொஞ்ச நேரத்தில் அது கத்தரிப்பூ நீலமாகி, பிறகு பார்க்கவே பயமாகிவிட்டது. சுற்றி நின்ற கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. எங்கள் ஆள் மட்டும் அசையவில்லை.

ஐயா அதோடு நிறுத்தவில்லை. அதே போத்தல் தண்ணீரைக் காகிதத்தில் வடிகட்டி, வடிந்ததில் மருந்து விட்டார். இந்தத் தடவை நீலம் கொஞ்சம்தான். துரைக்கு இங்கிலீஷில் விளக்கிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி எங்களுக்கும் சொன்னார்.

"உங்கடை தோட்டத்து உரம் தண்ணியிலை கரையிற சாதி. அதைக் கொட்டியிருந்தால் காகிதத்தாலை இறங்கி இங்காலை வந்திருக்கும். இது இறங்கேல்லை. மண்ணோடை வந்தது எண்டால் காகிதம் மண் நிறமாயிருக்கும். அதுவுமில்லை. பாருங்கோ, வெள்ளையாய் என்னவோ நிக்குது. இந்த வடிவம் என்னெண்டுதான் எனக்கு விளங்கேல்லை. அதுக்காகத்தான் நான் நேரை வந்தனான்."

காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். அடியில் வெளுத்த சாம்பல் நிறத்தில் மாவு மாதிரிப் படிந்திருந்தது. எலும்பை இடித்த தூளோ, சாணமோ, சாணத்தைச் சுட்ட சாம்பலோ எதுவோ ஓடையில் கலக்கிறதா என்று கேட்டார்.

சாணத்தைச் சுட்ட சாம்பல் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எங்கள் ஆளைப் பார்த்தேன். அவர் கை இடுப்பு மடிப்பைப் பொத்திக்கொண்டிருந்தது. அந்த மடிப்பில் என்ன இருக்கும் என்று என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? நான் சுட்டு, நான் சலித்து, நான் பொட்டலம் கட்டிக் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் அந்த வியாழக்கிழமை அடுப்படியும், வழிந்த சோறும், நான் சொன்ன சொல்லும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. பாவி, பன்னிரண்டு வெள்ளிக்கிழமையும் போட்டிருக்கிறார்.

வாயைத் திறந்தால் என் பெயரும் போகும் என்று தெரியும். கந்தோர்ப் போத்தலைக் கெடுத்தவன் ஒருவன் என்றால், கெடுக்கச் சொன்னவள் இன்னொருத்தி. இரண்டு பெயரும் வெட்டுப்பட்டால் காம்பராவும் போகும், பிள்ளைகளோடு பாதையில்தான் நிற்க வேண்டும். ஆனால் அந்த மனுஷர் அங்கே தலைகுனிந்து நிற்கிறதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"தொரைங்களே, அது திருநீறுங்க. தோட்டத்த விட்டுப் போற ஆளுக்குப் போடுவோம்ல, அது. இவரு போட்டாரு. போடச் சொன்னது நானுங்க."

கண்டாக்கு இதை இங்கிலீஷில் சொல்வதற்கு மூன்று தடவை முயன்றார். துரைக்கு விளங்கவில்லை. போத்தலுக்கு எதற்குத் திருநீறு என்று கேட்டார். போத்தலுக்கு நெற்றி இல்லை, அதனால் வாயில் போட்டார் என்றேன். கண்டாக்கு அதைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தன்னைச் சமாளித்துக்கொண்டு, புருஷனைக் காப்பாற்ற இவள் கதை கட்டுகிறாள் என்றும் சேர்த்துச் சொன்னார்.

சிதம்பரநாதன் ஐயா எங்கள் ஆளிடம் கையை நீட்டினார். எங்கள் ஆள் பொட்டலத்தை எடுத்தார், ஆனால் கொடுக்கவில்லை. ஐயாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நீட்டியது இடக்கை என்று ஐயாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வலக்கையை நீட்டினார். பொட்டலம் கைமாறியது. ஐயா ஒரு சிட்டிகை எடுத்து, பழக்க தோஷம், கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, அன்றைக்குப் பிடித்த சுத்தத் தண்ணீரில் போட்டார். மருந்து விட்டார்.

எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றோம். தண்ணீர் மெல்ல நீலமானது. பிறகு கத்தரிப்பூ. பிறகு அந்தப் பழைய போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று தெரியாத நீலம். விரலில் மிஞ்சியிருந்ததை ஐயா தன் நெற்றியில் பூசிக்கொண்டு துரையிடம் ஏதோ சொன்னார். துரை இரண்டு குவளையையும் பார்த்தார், எங்கள் ஆளைப் பார்த்தார், கடைசியில் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. தொப்பியை எடுத்தபோது முகம் பழையபடி துரை முகமாகிவிட்டது. பெயர் வெட்டு இல்லை, மலைக்குப் போ என்று தனக்குத் தெரிந்த தமிழில் அவரே சொன்னார். என் பெயரைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

ஐயாவுக்குத்தான் நஷ்டம். பன்னிரண்டு வாரத்துக் கணக்கை நோட்டுப் புத்தகத்தில் எடுத்து, ஒவ்வொன்றாகக் குறுக்கே கோடு போட்டார். மலைத் தண்ணீர் கெட்டுப்போயிற்று என்று கொழும்பில் அவருடைய மேலதிகாரி அறிக்கையில் ஒரு பக்கம் எழுதியே முடித்துவிட்டாராம். அதை இனி எப்படித் திரும்ப வாங்குவது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எனக்குப் பாவமாக இருந்தது. கையில் இன்னின்னது இருக்கக் கூடாது என்று சொன்னீர்களே தவிர, திருநீறு என்று பேர் சொல்லவில்லையே என்று எங்கள் ஆள் தாழ்மையாகக் கேட்டார். சவர்க்காரம், எண்ணெய், சுண்ணாம்பு என்று மூன்று விரலை மடக்கியும் காட்டினார். ஐயா யோசித்துப் பார்த்துவிட்டு, அது தன் பிழைதான் என்று ஒத்துக்கொண்டார். இரண்டு விரல் இடம் போத்தலைக் குலுக்குவதற்காக விட்டதாம்.

அடுத்த வாரத்திலிருந்தும் எங்கள் ஆளே பிடிக்கட்டும் என்றார். எங்கள் ஆள் தயங்கினார். ஒன்றும் பூசாமல் கொழும்புக்கு அனுப்ப அவருக்கு மனசில்லை. ஐயாவுக்கும் அது விளங்கியது.

"பெட்டி மூடிக்கு மேலை பூசுங்கோ, அண்ணை. போத்தலை மட்டும் தொடாதையுங்கோ."

அந்தப் பெட்டி அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து நெற்றி நிறைய மூன்று கீற்றோடு கொழும்புக் கந்தோருக்குப் போனது.

அது பிறகு. அன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். வேலை விட்டு வீட்டுக்கு வந்ததும், கூடையை இறக்கக்கூட இல்லை, கேட்டுவிட்டேன். உங்களுக்கு எப்போது தெரியும்? துரை கேட்ட அன்றைக்கே திருநீறு ஞாபகம் வந்துவிட்டது என்றார். பிறகு ஏன் சொல்லவில்லை? என்ன ரோஷம்? நாலு நாள் என்னை ஏன் இப்படிப் பேசவிட்டீர்கள்?

அவர் பசுவின் கயிற்றை முடிந்துகொண்டே சொன்னார்.

"திருநீறுன்னா, யாரு போடச் சொன்னாங்கன்னு கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது. ஒன் பேரையும் வெட்டிருவாங்க. ரெண்டும் போனா பிள்ளைங்க எங்க நிக்கும்? ஒரு பேராவது இருக்கட்டும்னுதான்."

நான் வாசலிலேயே நின்றேன். ஒரு சொல் வரவில்லை. கிண்டல் வரவில்லை, திட்டு வரவில்லை. கண்ணில்தான் வந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் நான் பேசாமல் நின்றதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

மனுஷர் பயந்துவிட்டார். காற்றுக் கருப்பு பட்டுவிட்டது என்று நினைத்திருப்பார். கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்து, மடிப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்து, என் நெற்றி நிறையப் பூசினார். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து என் வாயிலும் போட்டார்.